ஆட்சேபணை உண்டா?

“மேற்படி பொருள் குறித்து ஆட்சேபணையோ ஆலோசனையோ தெரிவிக்க விரும்புவோர், இவ்வறிவிப்பு வெளியான நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். காலங்கடந்து வருபவை ஏற்றுக்கொள்ளப்படமாட்டா.”

தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் வண்டலூரிலும் அலுவலகச் சுவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இவ்வகை வாசகம் புதிதன்று. பழைய அறிவிப்பின்மேல் புதிய அறிவிப்பு, அதன்மேல் இன்னொன்று. படிக்கத் தெரிந்தவர் நின்று பார்ப்பதில்லை. நின்று பார்ப்பவருக்கோ அந்த நடை விளங்குவதில்லை. முப்பது நாட்கள் ஓடிவிடுகின்றன. “ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை” என்று கோப்பில் ஒரு வரி ஏறுகிறது. ஊரார் ஒப்புக்கொண்டனர் என்பது அதன் பொருள்!

மௌனம் சம்மதம் என்பார்கள். திருமணப் பந்தலிலே பெண்ணின் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு அப்படிச் சொன்னார்கள். அந்தப் பேச்சு செல்லாது என்று எடுத்துரைத்த பகுத்தறிவாளர் நம் நாட்டிலே உண்டு. அரசாங்கக் கோப்பிலும் அதே மௌனம் அதே சம்மதமாக எழுதப்படுகிறதே, அதை எடுத்துரைப்பவர் எத்தனை பேர்?

மக்களைக் கேட்டு ஆளுதல் நன்று. கேளாமலே ஆள்வேன் என்பவரைவிடக் கேட்கிறேன் என்பவர் மேல். ஆயினும் கேட்டதனாலேயே கடமை முடிந்துவிடுவதில்லை. யாரைக் கேட்டார்கள்? எந்த மொழியில் கேட்டார்கள்? பதில் சொல்ல வந்தவர் அதற்காக எவ்வளவு இழந்தார்? சொன்ன பதில் என்னவாயிற்று? இந்த நான்கு கேள்விகளையும் உரைகல்லாகக் கொண்டு பார்த்தால்தான் பொன்னும் பித்தளையும் தெரியும். உரைத்துப் பார்க்கத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. தாம்பரம் அடங்கிய செங்கற்பட்டுச் சீமையின் இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது.

1763-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, சென்னையைச் சூழ்ந்த நிலப்பரப்பைக் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு வழங்கினார். ‘ஜாகீர்’ என்று அதற்குப் பெயர். பின்னாளில் செங்கற்பட்டு மாவட்டம் ஆனது அதுவே. இன்று மின்சார ரயில் நின்று செல்லும் இந்தப் புறநகர் ஊர்கள், அன்று ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூர்கள்.

நிலம் கைக்கு வந்ததும் கும்பினியாருக்குத் தேவைப்பட்டது விவரம். எத்தனை ஊர்? எத்தனை வீடு? எத்தனை ஏரி? விளைச்சல் எவ்வளவு? அதில் எவருக்கு எவ்வளவு பங்கு? 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் தலைமையில் ஊர் ஊராக அளவை நடந்தது. ஈராயிரம் ஊர்கள்வரை கணக்கெடுக்கப்பட்டன. வீடுகள் சாதிவாரியாக எண்ணப்பட்டன. களத்து மேட்டிலே குவியும் நெல்லில் கோயிலுக்கு எவ்வளவு, கணக்கருக்கு எவ்வளவு, காவலருக்கு எவ்வளவு என்று கணக்கப்பிள்ளையின் ஓலையிலே ஏறியிருந்தவை கும்பினியாரின் காகிதத்துக்கு மாறின.

வரலாற்று ஆராய்ச்சியாளருக்கு இன்று அது பெருஞ்செல்வம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கணக்கிலே உழுதவனின் குடிசை எண்ணிக்கைக்கு மட்டுமே வந்தது. அவனைப் பற்றிய செய்தி ஏட்டில் ஏறியது. அவன் சொல்ல விரும்பிய செய்திக்கு அங்கே இடம் இல்லை.

அடுத்து, கேள்வித்தாள் வந்தது.

நிலத்தின்மேல் பரம்பரை உரிமை, அதாவது ‘மிராசு’ என்பது யாது, எவருக்கு உரியது, எப்படித் தோன்றியது என்று அறிய விரும்பிய சென்னைத் துரைத்தனத்தார் பதினேழு கேள்விகளை விடுத்தனர். அவற்றுக்கு விரிவான விடை எழுதியவர் சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ். 1818-இல் அது நூலாக வெளியாயிற்று. எல்லிஸ் நாம் நன்றியுடன் நினைக்கவேண்டியவர். தமிழ், தெலுங்கு முதலிய மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை 1816-ஆம் ஆண்டிலேயே சான்றுகாட்டி எழுதியவர் அவர். கால்டுவெல் பெருமகனாரின் ஒப்பிலக்கணத்துக்கு நாற்பது ஆண்டுகள் முந்திய செயல் அது. தமிழ் கற்றுத் திருக்குறளை மொழிபெயர்க்க முற்பட்டவர்.

அத்தகைய அறிஞர் எழுதிய விடையிலும் நம் முதற் கேள்வியைப் போட்டுப் பார்க்கவேண்டும். யாரைக் கேட்டார்கள்? மிராசு யாருடையது என்று மிராசுதாரர்களையும், அவர்கள் வைத்திருந்த பட்டயங்களையும், அவற்றைப் படித்துச் சொல்லவல்ல பண்டிதர்களையும் கேட்டால், எந்த விடை வரும்? நிலத்தோடு சேர்த்து விற்கவும் ஒற்றி வைக்கவும் பட்ட பண்ணையாட்கள் அந்த ஆராய்ச்சியில் பேசப்படும் பொருளாக இருந்தனர், பேசுவோராக இல்லை. கேள்வி பிறக்கும்போதே பதில் சொல்லத் தகுந்தவர் இன்னார் என்று முடிவாகிவிடுகிறது. பதினேழு கேள்விகளுக்குப் பதிலாக நூற்றெழுபது கேட்டிருந்தாலும் உழுதவன் வீட்டு வாயிலுக்கு ஒன்றுகூட வந்திராது.

கேட்பதற்கும் அடிப்பதற்கும் இடைவெளி குறைந்திருந்த காலம் அது. வரி வசூல் செய்ய அன்றைய ஊழியர்கள் கையாண்ட கருவிகளுக்குப் பெயர்கள் உண்டு. விரல்களை இடுக்கி நசுக்கும் மரக்கருவி ‘கிட்டி’. குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலிலே நிறுத்துவது ‘அண்ணாந்தாள்’. வானம் பொய்த்து, வயல் காய்ந்து, வரி கட்ட வழியற்று நின்றவனுக்கு இந்தப் பரிசு!

1852-இல் காசுலு லட்சுமிநரசு செட்டியார் முதலியோர் சென்னை சுதேசி சங்கத்தை அமைத்து, மக்கள் படும் துயரை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு மனுவாக எழுதி அனுப்பினர். பாராளுமன்றத்தில் அது பேச்சாயிற்று. மறுக்கவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் 1854-இல் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் நார்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர். கொடுமைக்கு ஆளானவர் முறையிடலாம் என்று அறிவிக்கப்பட்டது.

தோழர்களே, அந்த நாளை எண்ணிப் பாருங்கள். குழு அமர்ந்தது சென்னையில். இராசதானியோ வடக்கே கஞ்சம் முதல் தெற்கே திருநெல்வேலி வரை. தென்னாட்டின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள். ஆகவே ரயிலும் இல்லை. கால்நடையாக வரவேண்டும். வழிச் செலவுக்குக் காசு வேண்டும். உழவைப் போட்டுவிட்டு வரவேண்டும். வந்து முறையிட்டுத் திரும்பினால், அதே ஊரில், அதே தாசில்தார் ஆளுகையில், அதே கிட்டிக்கு அருகில்தான் வாழவேண்டும்.

அப்படியிருந்தும் வந்தார்கள். 519 பேர் நேரில் வந்து நின்றனர். 1,440 பேர் கடிதம் எழுதினர். ஆக 1,959 முறையீடுகள். 1855 ஏப்ரலில் குழு தன் அறிக்கையை அளித்தது. வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் சித்திரவதை நடந்தது உண்மை என்று அது ஒப்புக்கொண்டது. இலண்டனில் இருந்த கார்ல் மார்க்ஸ் அந்த அறிக்கையைப் படித்து, 1857 செப்டம்பரில் நியூயார்க் நாளேடொன்றில் அதுபற்றி எழுதினார். செங்கற்பட்டிலும் தஞ்சையிலும் நெல்லூரிலும் உழவன் பட்ட அடி அட்லாண்டிக் கடல் கடந்து அச்சேறியது. 1859-இல் வந்த காவல் துறைச் சட்டம் வரி வசூலையும் காவலையும் பிரித்துத் தனித்தனி ஆக்கியது.

கேட்டால் பயன் உண்டு என்பதற்கு இந்த வரலாறு சான்று. அதே வேளையில், குழு சுட்டிய குற்றவாளிகள் பெரும்பாலும் உள்நாட்டுச் சிற்றூழியர்கள். வரித் தொகையை விதித்து, வசூலித்தே தீரவேண்டுமென்று நெருக்கிய மேலிடம் தப்பிக்கொண்டது. வந்தவர் 1,959 பேர் என்று எண்ணிவிட்டார்கள். வர இயலாதவர் எத்தனை பேர்? அந்தக் கணக்கை எழுத எந்தக் குழுவுக்கும் ஏடு இல்லை. ஒரு கேள்விக்கு எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதோடு, எத்தனை பேரால் சொல்ல முடியாமல் போயிற்று என்பதையும் பார்க்க நாம் பழகவேண்டும்.

அழைப்பு வாயைத் திறப்பதற்குப் பதிலாக அடைப்பதும் உண்டு. அதற்கும் சான்று நம் செங்கற்பட்டிலேயே கிடைக்கிறது.

தரிசு நிலத்தைச் சாகுபடிக்குக் கேட்டு அரசாங்கத்துக்கு மனுச் செய்வதற்குத் ‘தர்க்காஸ்து’ என்று பெயர். சட்டப்படி எவரும் மனுச் செய்யலாம். ஆதிதிராவிட உழவன் ஒருவன், தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் உழுதவன், ஒரு துண்டுத் தரிசைக் கேட்டு மனுப் போடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கற்பட்டில் நடந்தது என்ன? ஊர் மிராசுதாரருக்கு அந்த நிலத்தின்மேல் முன்னுரிமை. ஆட்சேபணை உண்டா என்று அவருக்குத்தான் கேள்வி போகும். அவர் ‘உண்டு’ என்பார். “அந்தத் தரிசை நானே எடுத்துக்கொள்கிறேன்” என்றால் போதும். உழவனின் மனு தள்ளுபடி.

அதோடு தீர்ந்ததா? மனுப் போட்டவன் குடிசை நிற்கும் சேரி நத்தமும் தமது என்பார் மிராசுதாரர். அவன் வாங்கிய கடன் அவரிடம். அவன் உழும் வயல் அவருடையது. மனு எழுதத் துணிந்த குற்றத்துக்கு மறுநாள் வேலை இல்லை, வீடும் இல்லை! குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்தது என்பார்களே, அதுவே நடந்தது. ‘ஆட்சேபணை உண்டா?’ என்ற நல்ல கேள்வி, வலியவன் கையிலே பூட்டாயிற்று.

1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்கீர், ‘செங்கற்பட்டுப் பறையர் பற்றிய குறிப்பு’ என்று ஓர் அறிக்கையை அரசாங்கத்துக்கு எழுதினார். நிலமின்மை, குடியிருப்பு மனையில் உரிமையின்மை, கடன் அடிமைத்தனம், தர்க்காஸ்து விதிகள் செய்யும் கொடுமை ஆகிய அனைத்தையும் எடுத்துக்காட்டினார். வருவாய் வாரியத்தார் ஒப்பவில்லை. நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று வாதாடினர். எனினும் 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் 1010-ஆம் எண் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்றே நிலம் ஒதுக்க அது வழி வகுத்தது. ‘பஞ்சமி நிலம்’ என்று நாம் இன்று சொல்வது அதுவே. சென்னை இராசதானியில் ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஒடுக்கப்பட்டோர் அல்லாத பிறருக்கு அந்நிலத்தை விற்கக் கூடாது என்றும் நிபந்தனை விதிக்கப்பட்டது.

நூறாண்டு கழிந்தது. அந்நிலத்தில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டிருந்தது. கைமாறிய ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு படிவம், ஏதோ ஒரு கையொப்பம், ஏதோ ஓர் ‘ஆட்சேபணை இல்லை’. காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இரு இளைஞர்கள் உயிர் நீத்தனர். தாளில் எழுதப்பட்ட ஒரு வரியைத் தாளிலேயே திருத்த முடியாமற்போனதன் விலை அது. காகித வேலை சலிப்பூட்டும் சங்கதி என்று எண்ணி ஒதுங்கும் இளைஞன் இதை மறக்கலாகாது.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முன்கூட்டி வெளியிடுக என்று சட்டம் பணிக்கும் விதிகளைப் பொறுத்தவரை, வரைவை வெளியிட வேண்டும், ஒரு நாளைக் குறிப்பிட வேண்டும், அந்நாளுக்குள் வரும் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 1897-ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. சுவரில் நாம் காணும் வாசகத்தின் மூத்த உறவு இது. வெள்ளையர் காலத்துச் சட்டம். இன்றும் நடப்பில் உள்ளது. ‘கருத்தில் கொள்க’ என்கிறதே ஒழிய, ‘ஏன் ஏற்கவில்லை என்று பதில் சொல்க’ என்று அது சொல்லவில்லை. கடிதம் எழுதியவன் அது கருத்தில் சென்றதா, குப்பைக் கூடையில் சென்றதா என்று அறிய வழியில்லை.

2014-இல் இந்திய அரசு, சட்ட வரைவுகளைக் குறைந்தது முப்பது நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்று ஒரு கொள்கை வகுத்தது. கொள்கைதான், சட்டம் அன்று.

மொழிச் சிக்கல் எத்தகையது என்பதை 2020-ஆம் ஆண்டு காட்டியது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவு அவ்வாண்டு மார்ச்சில் வெளியாயிற்று. ஆலை, சுரங்கம், அணை, பெருஞ்சாலை என்று எது வந்தாலும் ஊராரைக் கேட்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் விதிகள் அவை. ஊராரைக் கேட்கும் விதியை ஊரார் மொழியில் எழுதவில்லை! இந்தி, ஆங்கிலம் இரண்டும் போதும் என்றிருந்தனர். நாடு முழுதும் நோய்க்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்திருந்த காலம் வேறு. வழக்குத் தொடுக்கப்பட்டது. எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30-இல் ஆணையிட்டது. கருத்துச் சொல்லும் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. மொழிபெயர்க்கச் சொன்னதை எதிர்த்து அமைச்சகம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்துவிட்டன. அறிந்தால் மக்கள் பேசுவார்கள். அறியவிடாமல் வைத்துவிட்டு, ‘மக்களுக்கு அக்கறை இல்லை’ என்பது எவ்வகை அறம்?

தமிழ்நாட்டில் 1956-ஆம் ஆண்டிலேயே தமிழை ஆட்சிமொழி ஆக்கும் சட்டம் இயற்றினோம். பெருமைக்குரியது. ஆயினும் தமிழ் எழுத்தில் இருப்பதெல்லாம் தமிழருக்கு விளங்கிவிடாது. ‘மேற்படி இனத்தில் மேற்கண்ட சர்வே எண்ணில் கண்ட பூமியானது’ என்று தொடங்கி, மூச்சு முட்ட ஓடி, வினைச்சொல்லைப் பத்தாவது வரியில் கொண்டுபோய் வைக்கும் வாக்கியத்தைப் படித்து, ‘என் வீடு போகிறதா, இருக்கிறதா?’ என்று ஒரு தாய் அறிய முடியுமானால் அதுவே ஆட்சிமொழி.

சுமையைப் பற்றியும் பேசவேண்டும். படிவம் நிரப்புவது சுமையா என்று கேட்பார்கள், அதை நிரப்பாதவர்கள். அமெரிக்க நாட்டில் 1942-இலேயே, அரசாங்கம் மக்களிடம் விவரம் கேட்பதற்கு ஒரு வரம்பு வேண்டும் என்று சட்டம் செய்தனர். 1980-இல் அதை விரிவாக்கினர். 1995-இல் மேலும் இறுக்கினர். அங்கே மைய அரசின் துறை ஒன்று புதிய படிவத்தைக் கொண்டுவர எண்ணினால், முதலில் அறுபது நாட்கள் மக்கள் கருத்தைக் கேட்கவேண்டும். பின்னர் மேலாய்வின்போது இன்னும் முப்பது நாட்கள். இந்த விவரம் எதற்குத் தேவை? வேறு இடத்தில் ஏற்கனவே இருக்கிறதா? நிரப்ப ஒருவருக்கு எத்தனை நிமிடம் ஆகும்? சொல்லியாக வேண்டும். ஒப்புதல் எண் இல்லாத படிவத்துக்கு விடை தராதவரை அதற்காகத் தண்டிக்க முடியாது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி மணி நேரத்தை அந்நாட்டு மக்கள் மைய அரசுக்கு விவரம் தருவதில் செலவிடுகிறார்கள் என்று அந்த அரசே கணக்கிட்டுச் சொல்கிறது.

கணக்கிட்டதனால் சுமை தீர்ந்துவிடவில்லை. அங்கும் படிவங்கள் பெருகித்தான் உள்ளன. ஆனால் குடிமகனின் நேரமும் ஒரு பொருள், அதை எடுத்துக்கொள்ளும் அரசு கணக்குச் சொல்லக் கடமைப்பட்டது என்ற எண்ணம் சட்டத்தில் இருக்கிறது. இங்கே ஒரு கூலித் தொழிலாளி ஒரு சான்றிதழுக்காக இழக்கும் நாட்கூலி எந்த அரசுப் பேரேட்டில் ஏறுகிறது? முடிச்சூரிலிருந்தோ மாடம்பாக்கத்திலிருந்தோ புறப்பட்டு, பேருந்து ஏறி, வரிசையில் நின்று, “நகல் இரண்டு வேண்டும்” என்று கேட்டு, நகல் எடுத்து வந்து, “அதிகாரி கூட்டத்துக்குப் போய்விட்டார்” என்று கேட்டுத் திரும்பும் பெண்ணின் ஒரு நாள் யார் கணக்கில்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது கோயில் வாயிலோடு நிற்பதில்லை.

சுமையைக் குறைக்க முடியாது என்பதும் பொய். ஒருகாலத்தில் சான்றிதழ் நகல் ஒவ்வொன்றிலும் அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியின் பச்சை மைக் கையொப்பம் வேண்டும் என்றிருந்தது. அந்தப் பச்சை மைக்காக எத்தனை இளைஞர் எத்தனை வீட்டு வாயிலில் காத்துக் கிடந்தனர்! 2014-இல் இந்திய அரசு சுயசான்றொப்பமே போதும் என்று பரவலாக ஏற்கச் செய்தது. வானம் இடிந்து விழவில்லை. வழிவழி வந்த சடங்கு ஒன்று ஒழிந்தது. தமிழ்நாடு 1997-இல் தகவல் அறியும் உரிமைக்கு இந்தியாவிலேயே முதற்சட்டம் செய்தது. விலக்குகள் மிகுந்த சட்டம்தான் அது. 2005-இல் வந்த மைய அரசின் சட்டமோ, தகவல் கேட்பவன் ‘எதற்காகக் கேட்கிறேன்’ என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்று வகுத்தது. அதே நேர்மையைத் திருப்பிப் பார்ப்போம்: நம்மிடம் விவரம் கேட்கும் அரசு, ‘எதற்காகக் கேட்கிறேன்’ என்று சொல்லத் தேவையுண்டு அன்றோ?

தாம்பரத்துக்குத் திரும்புவோம். 2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. எல்லைக்கோடு மாறும்போதெல்லாம் மக்கள் கையிலுள்ள தாளில் முகவரி பழசாகிறது. மாநகரைச் சூழ்ந்த ‘பெல்ட் ஏரியா’ வளையத்துக்குள் அரசு நிலத்தில் குடியிருப்போருக்குப் பட்டா வழங்க 1962 முதல் தடை இருந்துவந்தது. வரிச் சீட்டையும் மின்கட்டணச் சீட்டையும் தகரப் பெட்டியில் அடுக்கிவைத்துப் பட்டாவுக்குக் காத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் காத்தார்கள். 2025 பிப்ரவரியில், சென்னையைச் சுற்றியும் பிற நகரங்களிலுமாக ஏறத்தாழ 86,000 ஏழைக் குடும்பங்களுக்குப் பட்டா வழங்கத் தமிழ்நாடு அமைச்சரவை முடிவெடுத்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு!

அதே ஆண்டு நவம்பர் 4-இல் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு தேடிப் படிவம் வந்தது; நன்று. அதில் ஒரு பகுதி, தாமோ பெற்றோரோ முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில், அதாவது 2002, 2005-ஆம் ஆண்டுப் பட்டியல்களில், எங்கே இருந்தனர் என்று கேட்டது. தென்புறநகரில் வாழ்வோரில் பலர் பிழைப்புத் தேடிப் பிற மாவட்டங்களிலிருந்து வந்தவர். வாடகை வீடு மாறி மாறி வாழ்பவர். உள்ளூர்க்காரருக்கும் எளிதன்று. பல்லாவரம், சோழிங்கநல்லூர் என்னும் சட்டமன்றத் தொகுதிகள் 2008-ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பில் உருவானவை. 2002-ஆம் ஆண்டுப் பட்டியலில் அந்தப் பெயர்களைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? விவரம் அரசின் ஏட்டில்தான் இருந்தது. அதைத் தேடி எடுத்து அரசுக்கே திருப்பி எழுதித் தரும் வேலை குடிமகன் தலையில் விழுந்தது. கையில் தொலைபேசியும் கணினி அறிவும் உள்ளவர் ஐந்து நிமிடத்தில் முடித்தார். அவை இல்லாத முதியவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையை எதிர்பார்த்து நின்றார்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை நீங்களாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

நாம் கேட்கவேண்டியவை பெரிய சங்கதிகள் அல்ல. அறிவிப்பு எளிய தமிழில், அது பாதிக்கும் தெருவிலேயே ஒட்டப்படட்டும். அரசின் ஒரு துறையிடம் உள்ள விவரத்தை மற்றொரு துறை குடிமகனிடம் மீண்டும் கேளாதிருக்கட்டும். ஒவ்வொரு படிவத்தின் தலைப்பிலும் இந்த விவரம் எதற்கு, நிரப்ப எவ்வளவு நேரம், எந்தக் கேள்விக்கு விடை கட்டாயமில்லை என்று அச்சிடப்படட்டும். ஆட்சேபணை எழுதியவர் ஒவ்வொருவருக்கும் ஏற்றோம் அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று இரண்டு வரி பதில் வரட்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் உழைப்பவர் வேலைக்குப் போகாத நேரத்தில், அவர் நடந்து வரும் தொலைவில் நடக்கட்டும். இவற்றில் எதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும்?

அது வரும்வரை நம் வேலையும் இருக்கிறது. மாலை நேரப் படிப்பகத்திலே நாளேடு படிப்பது போல, வாரம் ஒரு நாள் அரசு அறிவிப்புகளைப் படியுங்கள். படித்துத் தெருவுக்குச் சொல்லுங்கள். ஆட்சேபணை உள்ளவர் சொல்லச் சொல்ல, அவர் சொல்லையே எழுதிக் கொடுங்கள். உங்கள் சொல்லைத் திணிக்காதீர்கள். கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தனியொருவன் எழுதினால் அவனை அச்சுறுத்த முடியும் என்பதைத் தர்க்காஸ்து வரலாறு காட்டிற்று. ஆகவே ஐம்பது பேர் சேர்ந்து எழுதுங்கள். ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் ஜமாபந்தியிலே வரிசையில் நிற்கும் முதியவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

பட்டா மறுக்கப்பட்டவரைக் கேட்டுப் பாருங்கள். “என் தலையெழுத்து” என்பார். மண்டை ஓட்டில் எவனும் எதையும் எழுதியதில்லை என்று அவரிடம் வாதாடி வெல்வது எளிது. அதைவிட நல்ல வேலை ஒன்று இருக்கிறது. அவர் வாழ்வைக் கெடுத்த எழுத்து எந்தக் கோப்பில், எந்தப் பக்கத்தில், எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று தேடி எடுத்து அவர் கையிலே கொடுப்பது. அது மனிதன் எழுதியது என்று கண்ணால் கண்டுவிட்டால், திருத்தி எழுதச் சொல்லி அவரே கேட்பார்.

சுவரிலே அடுத்த அறிவிப்பு வரும். முப்பது நாள் கெடு ஓடும். ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்று எழுதுங்கள். கீழே உங்கள் பெயரையும் எழுதுங்கள்.